சூடிய முடியும் துறந்த முடியும்
பெர்சிஸ் கம்பாட்டாவின் வாழ்வு

தமிழில் முடி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வேந்தன் தலையில் சூடுவதும் முடி. மகளிர் தலையில் வளர்வதும் முடி. முன்னது பிறர் அளிப்பது, பின்னது பிறவியோடு வருவது. இவ்விரண்டையும் வைத்துத் தமிழ்க் கவிதை நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு தலைவியின் கூந்தல் மணத்தைப் பற்றியது. அப்பாட்டை வைத்தே பாண்டியன் அவையில் இறையனாருக்கும் நக்கீரருக்கும் வழக்கு நேர்ந்ததாகத் திருவிளையாடல் கதை கூறும். பாஞ்சாலி கூந்தலை முடியாமல் விட்டது சபதமாயிற்று. மாதவி தன் மகள் மணிமேகலையின் பூமாலையோடு கூந்தலையும் களைந்து அறநெறியில் புகுத்திய செய்தியைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் உரைக்கிறது. அரங்கேறி ஆட வேண்டிய குலத்தில் பிறந்தவள், அரங்கத்தை மறுத்ததற்கு அடையாளம் அந்த மழித்த தலை.

இருபதாம் நூற்றாண்டின் இந்தியப் பெண் ஒருவர் வாழ்வில் இந்த இரண்டு முடிகளும் வந்து போயின. 1965இல் இந்திய அழகி என்னும் முடியைச் சூடினார். 1978இல், அமெரிக்கத் திரைப்படம் ஒன்றிற்காகத் தலைமுடியை முழுவதுமாக மழித்துக்கொண்டார். மணிமேகலை அரங்கத்தை விடுவதற்காகக் கூந்தலை இழந்தாள். இவர் அரங்கேறுவதற்காக இழந்தார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது முதல் முடியால் அன்று, இரண்டாவதைத் துறந்ததால். அவர் பெயர் பெர்சிஸ் கம்பாட்டா.

பிறப்பும் சூழலும்

பெர்சிஸ் 1948 அக்டோபர் 2ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். காந்தியடிகள் மறைந்தபின் வந்த முதல் காந்தி பிறந்தநாள் அது. குடும்பம் நடுத்தர நிலையிலிருந்த பார்சிக் குடும்பம். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து குஜராத்துக் கரையில் இறங்கிய ஜொராஸ்டிரிய மக்களின் வழியினர் பார்சிகள். கம்பாட்டா என்னும் குடிப்பெயர் குஜராத்தின் பழைய துறைமுகமாகிய காம்பேயிலிருந்து வந்தது என்பர். பெர்சிஸ் என்பதோ பாரசீகத்துப் பெண் எனப் பொருள்படும் பழம்பெயர். ஆக, அவர் பெயரிலேயே ஒரு தொல்நாடும் ஒரு துறைமுகமும் அடங்கியிருந்தன. ஊர் விட்டு ஊர் செல்லும் விதி அப்பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது போலும்.

அவருக்கு இரண்டு வயதாகும்போதே தந்தையார் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். தந்தையின் துணையின்றி வளர்ந்த அந்தப் பெண்ணை இளம் பருவத்திலேயே தொழிலுலகம் கண்டுகொண்டது. பம்பாயின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவர் எடுத்த படங்கள் ரெக்ஸோனா சோப்பு விளம்பரத்திற்குப் பயன்பட்டன. விளம்பரம் வெற்றி பெற்றது. பள்ளிப் பருவம் முடியும் முன்னரே அவர் முகம் நாடறிந்ததாயிற்று.

சோப்பு விளம்பரம் என்பதைச் சிறு செய்தியாகக் கருதிவிட முடியாது. திரைப்படம் எட்டாத ஊரையும் சோப்பு எட்டியது. போச்சம்பள்ளி போன்ற ஊர்களின் வாரச் சந்தையில் நெல்லும் ஆடும் விற்றுத் திரும்பும் குடும்பத்தின் பையிலும் ஒரு சோப்புக்கட்டிக்கு இடம் உண்டு. பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் கண்ட முகத்திற்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, பேச்சு இல்லை. பார்ப்பவர்க்கு அது அழகு என்னும் பொதுச்சொல் மட்டுமே. பெயரற்ற முகமாக அறிமுகமான ஒருவர் பெயருள்ள மனிதராக அறியப்படுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதே பெர்சிஸின் பிற்கால வரலாறு.

பதினாறு வயதில் மகுடம்

இந்தியாவில் அழகிப் போட்டிகள் அக்காலத்தில் புதியவை. 1952இல் முதல் மிஸ் யூனிவர்ஸ் போட்டி கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் நடந்தபோது இந்தியாவின் சார்பில் சென்றவர், சென்னையில் பிறந்த நடனக் கலைஞர் இந்திராணி ரஹ்மான். 1954இல் மிஸ் இந்தியாவான லீலா நாயுடுவின் தாயார் பிரெஞ்சு நாட்டவர். தந்தையார் மதனப்பள்ளியைச் சேர்ந்த அறிவியலாளர். லீலா நாயுடு பின்னர் 1960இல் அனுராதா என்னும் இந்திப் படத்தின் வழியே நடிகையானார். மாடலாக, அழகியாக அறியப்பட்டவர் நடிகையாவது என்னும் வழி அப்போதுதான் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

1964இல் ஃபெமினா இதழ் இப்போட்டியைத் தன் பொறுப்பில் நடத்தத் தொடங்கியது. மறு ஆண்டில் மகுடம் பெற்றவர் பெர்சிஸ். அப்போது அவருக்கு வயது பதினாறு. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டிக்குச் சென்றார். இன்றைய போட்டியாளர்களுக்குக் கிடைக்கும் பயிற்சியாளர்களோ ஆடை வடிவமைப்பாளர்களோ அன்று இல்லை. கடைசி நேரத்தில் கடையில் வாங்கிய ஆயத்த ஆடைகளோடுதான் அவர் மேடையேறினார். வென்றவர் தாய்லாந்தின் அப்சரா. பெர்சிஸ் பரிசின்றித் திரும்பினார். எனினும் ஏர் இந்தியா, ரெவ்லான், கார்டன் வரேலி ஆகியவற்றின் மாடலாக அவர் நிலைபெற்றார். சேலைத் துணியும் உதட்டுச் சாயமும் விமானப் பயணமும் அவர் முகத்தைக் கொண்டு தம்மை அறிவித்தன.

அந்நாளில் மாடல் தொழிலைக் குடும்பங்கள் ஐயத்தோடு நோக்கின. திரைப்பட நடிகைக்காவது நடிப்பு என்னும் கலையின் காப்பு இருந்தது. மாடலுக்கு அதுவும் இல்லை. நிற்பதும் பார்ப்பதும் நடப்பதும் ஒரு தொழிலா என்னும் கேள்வியை ஏற்றுக்கொண்டு, அத்தொழிலைச் செய்யத் தகுந்த தொழிலாக ஆக்கிய முதல் தலைமுறையில் ஒருவர் பெர்சிஸ்.

பம்பாயிலிருந்து இலண்டனுக்கு

அவரை முதலில் திரைக்கு அழைத்தவர் கே. ஏ. அப்பாஸ். ராஜ் கபூருக்கு ஆவாரா எழுதியவர்; 1969இல் சாத் ஹிந்துஸ்தானியில் அமிதாப் பச்சனை அறிமுகப்படுத்தியவர். அவர் 1967இல் எடுத்த பம்பயீ ராத் கீ பாஹோன் மே என்னும் படத்தில் பெர்சிஸ் கேளிக்கை விடுதிப் பாடகியாக நடித்தார். படம் பேசப்பட்டது; ஆனால் அவருக்குத் தொடர்ந்து வாய்ப்புகளைக் கொண்டுவரவில்லை. இந்தித் திரையுலகில் மேனாட்டுச் சாயலுடைய பெண்ணுக்கு அன்று ஒதுக்கப்பட்ட இடம் விடுதி மேடைதான். கதாநாயகியின் வீட்டு முற்றத்தில் அவருக்கு இடம் இல்லை.

ஆகவே வெளிநாடு சென்று மாடலாகப் பணியாற்றினார். 1975இல் இரண்டு ஆங்கிலப் படங்கள் வந்தன. ஒன்று, ஆங்கிலேய ஆட்சிக்கால இந்தியாவின் படைமுகாமைக் களமாகக் கொண்ட கண்டக்ட் அன்பிகமிங். மற்றொன்று, தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்துப் பேசிய தி வில்பி கான்ஸ்பிரஸி. இதில் சிட்னி பாய்ட்டியரும் மைக்கேல் கெய்னும் முதன்மை நடிகர்கள். இந்திய வமிசாவளியினர் பெருமளவில் வாழ்ந்த நாடு தென்னாப்பிரிக்கா. தமிழர்களும் அங்கே நிறச் சட்டங்களின் கீழ் துன்புற்றவர்களே. அந்த மண்ணின் இந்தியப் பெண்ணாகப் பெர்சிஸ் தோன்றினார். சிறு வேடங்கள்தாம். ஆனால் அவர் தம் நாட்டைச் சார்ந்த பாத்திரங்களாகவே திரையில் நின்றார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கடுத்து வந்த வேடத்திற்கு நாடே இல்லை; பூமியே இல்லை.

மறைத்தவரும் மறைக்காதவரும்

பெர்சிஸுக்கு முன் இந்திய மண்ணிலிருந்து ஹாலிவுட் சென்று புகழ்பெற்றோர் இருவரை இங்கே நினைக்கத் தகும். மைசூர்ப் பகுதியில் யானைப்பாகன் குடும்பத்தில் பிறந்த சாபு, 1937இல் எலிஃபெண்ட் பாய் படத்தில் நடித்து உலகப் புகழ் அடைந்தார். ஓசூர் எல்லைக்கு அப்பால் சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய காட்டுப்புறம் அவர் ஊர். யானையும் காடும் தலைப்பாகையும் உள்ளவரை அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவற்றுக்கு வெளியே அவரை நிறுத்திப் பார்க்க அந்தத் தொழிலுக்கு மனம் வரவில்லை.

மற்றொருவர் மெர்ல் ஓபரான். அவரும் பம்பாயில் பிறந்தவரே. 1935ஆம் ஆண்டின் தி டார்க் ஏஞ்சல் படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றவர். ஆயினும் தாம் இந்தியாவில் கலப்பினக் குடும்பத்தில் பிறந்ததை வாழ்நாள் முழுவதும் மறைத்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைப் பிறந்த இடமாகச் சொல்லி வந்தார். உண்மை தெரிந்தால் தொழில் போய்விடும் என்னும் காலம் அது. அவர் இறந்தது 1979 நவம்பர் 23ஆம் நாள். சரியாக இரண்டு வாரங்கள் கழித்து, டிசம்பர் 7ஆம் நாள், பம்பாயில் பிறந்த மற்றொரு பெண் தம் சொந்தப் பெயரோடு, சொந்த நாட்டை மறைக்காமல், அமெரிக்கத் திரைகளில் தோன்றினார். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு நாள் பார்த்துக் கணக்குத் தீர்க்கிறது.

இலியா

ஸ்டார் டிரெக் என்பது 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடர். 79 பகுதிகளோடு நின்றுபோன அதனை மறு ஒளிபரப்புகள் மக்களின் விருப்பத்துக்குரியதாக்கின. இந்தியாவிலும் தூர்தர்ஷன் அதனை 1980களில் ஒளிபரப்பியது. தொடரைப் படைத்த ஜீன் ரோடன்பெரி 1977இல் அதன் இரண்டாம் தொடருக்கு ஏற்பாடு செய்தார். அதில் இலியா என்னும் புதிய பாத்திரத்திற்குத் தேர்வானவர் பெர்சிஸ். இலியா டெல்டா என்னும் வேற்றுக்கோளத்துப் பெண். விண்கலத்திற்கு வழிகாட்டும் அதிகாரி. அவள் இனத்துப் பெண்களுக்குத் தலையில் முடி இல்லை. ஆதலால் முடியை முழுவதும் மழிக்க வேண்டும் என ரோடன்பெரி முன்னரே தெரிவித்தார்.

இடையில் நிலைமை மாறியது. 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் பெருவெற்றி பெற்றது. விண்வெளிக் கதைக்குத் திரையரங்கில் கூட்டம் உண்டு என்பதைக் கண்ட பாரமவுண்ட் நிறுவனம் தொலைக்காட்சித் தொடரைக் கைவிட்டுத் திரைப்படமாக்க முடிவு செய்தது. தி சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்தை இயக்கிய இராபர்ட் வைஸ் இயக்குநரானார். சின்னத்திரைக்காகத் தேர்வான பெர்சிஸ் இவ்வாறு பெருந்திரைக்கு உரியவரானார். 1978 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது.

தலை மழிப்பது தமிழ் மக்களுக்குப் புதிதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குடும்பங்கள் ஆண்டுதோறும் திருப்பதி சென்று முடி காணிக்கை செலுத்துகின்றன. ஆணும் பெண்ணும் குழந்தையும் மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஊர் திரும்புவதை எவரும் வியந்து பார்ப்பதில்லை. அங்கே முடி இழப்பு அன்று. கொடுத்த வாக்கின் நிறைவேற்றம். ஆனால் முகத்தையும் கூந்தலையும் கொண்டு பிழைக்கும் மாடலுக்கு அது வேறு கணக்கு. மீண்டும் முன்போல் வளருமா என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. விளம்பர உலகம் அவரிடம் விலை கொடுத்து வாங்கியவற்றுள் கூந்தலும் ஒன்று. அதனை ஒரே வேடத்திற்காக, அதுவும் வெற்றி பெறுமோ பெறாதோ என்று தெரியாத ஒரு படத்திற்காக அவர் கொடுத்தார். ஒரு முறை மழித்ததோடு அது முடியவும் இல்லை. படப்பிடிப்பு நீண்ட மாதங்களில் முளைத்த முடியை மீண்டும் மீண்டும் மழிக்க வேண்டியிருந்தது.

படத்தின் கதை அவருடைய தொழில் வாழ்வுக்கே உவமை போல அமைந்தது. பூமியை நோக்கி வரும் பெருமேகம் ஒன்றின் உள்ளிருக்கும் அறிவுப்பொறி இலியாவைக் கவர்ந்து அழிக்கிறது. பின்னர் அவள் உருவத்தையே அச்செடுத்து ஓர் இயந்திரத்தைக் கலத்திற்கு அனுப்புகிறது. முகம் இலியாவின் முகம். குரல் அவள் குரல். உள்ளே இருப்பது வேறொன்று. அவளை முன்பு நேசித்த டெக்கர் என்னும் அதிகாரி அந்த இயந்திரத்திற்குள் பழைய இலியாவின் நினைவு எங்கேனும் எஞ்சியிருக்கிறதா எனத் தேடுகிறான். படத்தின் பெரும்பகுதியில் பெர்சிஸ் நடிக்க வேண்டியிருந்தது இந்த இயந்திரத்தைத்தான். உணர்ச்சியை முகத்தில் காட்டாமல், ஆனால் உணர்ச்சி ஒரு கணம் தோன்றி மறைவதை மட்டும் காட்ட வேண்டிய வேடம். முகம் ஒன்றாகவும் உள்ளம் வேறாகவும் இருப்பதைப் பதினாறு வயது முதல் தொழிலாகக் கொண்டிருந்தவருக்கு இவ்வேடம் பொருந்தியதில் வியப்பில்லை. கூந்தல் என்னும் அணி நீங்கியபின் கண்களும் நெற்றியும் கழுத்தும் மட்டுமே எஞ்சின. அவற்றைக் கொண்டு அவர் அந்தப் பாத்திரத்தை நிலைநிறுத்தினார்.

படத்திற்கு ஏறத்தாழ நான்கரைக் கோடி டாலர் செலவானது. மெதுவாகச் செல்கிறது என விமர்சகர் பலர் குறை கூறினர். எனினும் உலகெங்கும் அது செலவைப்போல் மும்மடங்கு ஈட்டியது. இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இலியாவிற்கெனத் தனி இசையே அமைத்தார். குறை கூறியோரும் மறவாதது அந்த மழித்த தலையுடைய முகத்தை.

ஆஸ்கார் மேடையும் அதன் பின்னும்

1980 ஏப்ரலில் நடந்த 52ஆம் ஆஸ்கார் விழாவில் விருது வழங்குவோருள் ஒருவராகப் பெர்சிஸ் மேடையேறினார். அம்மேடையில் விருது வழங்கிய முதல் இந்தியக் குடிமகள் இவரே என்பர். காந்தி படத்திற்காக பானு அத்தையா 1983இல் ஆஸ்கார் வெல்வதற்கு மூன்று ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது.

உச்சி என்பது நிற்கும் இடமன்று, திரும்பும் இடம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாயிற்று. அதே 1980இல் ஜெர்மனியில் நேர்ந்த கார் விபத்தில் பலத்த காயமுற்றார். தலையில் பெரிய தழும்பு விழுந்தது. எந்தத் தலையால் உலகம் அவரை அறிந்ததோ அந்தத் தலையிலேயே விதி தன் கையெழுத்தை இட்டது.

1981இல் சில்வஸ்டர் ஸ்டாலோனுடன் நைட்ஹாக்ஸ் படத்தில் தீவிரவாதிப் பெண்ணாக நடித்தார். 1982இல் மெகாஃபோர்ஸ், அடுத்து வாரியர் ஆஃப் த லாஸ்ட் வேர்ல்ட். பின்னிரண்டும் பெயர் சொல்லும் படங்கள் அல்ல. இந்தியாவில் படமாக்கப்பட்ட ஜேம்ஸ் பாண்ட் படமாகிய ஆக்டோபஸியின் தலைமைப் பெண் வேடத்திற்கு அவர் பெயர் எண்ணப்பட்டது. வேடமோ ஸ்வீடன் நாட்டு நடிகை மாட் ஆடம்ஸுக்குப் போயிற்று. உதய்ப்பூரில் நடக்கும் கதைக்கும் ஸ்வீடனிலிருந்து நாயகி வர வேண்டியிருந்தது. வேற்றுக்கோளத்துப் பெண்ணாக ஏற்றுக்கொண்ட தொழில், இந்திய மண்ணில் வாழும் பெண்ணாக அவரை ஏற்கவில்லை என்னும் முரணை இங்கே காணலாம். மெர்ல் ஓபரானைப் போலத் தம்மை மறைக்காததற்கு அவர் கொடுத்த விலை இது எனலாம்.

1983இல் இதயத் தமனிகளில் அடைப்புக் கண்டு மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. வயது முப்பத்தைந்து கூட நிறையவில்லை. மார்பிலும் தழும்பு. உடலே முதலீடாக உள்ள தொழிலில் இரு தழும்புகள் என்பது சிறிய செய்தியன்று. இதன் பின்னும் அவர் தொழிலை விடவில்லை.

மீண்டும் சின்னத்திரை

1985இல் பம்பாய் திரும்பினார். ஷிங்கோரா என்னும் இந்தித் தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்து, தொடர்கள் நாடெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. பின்னர் மீண்டும் அமெரிக்கா சென்று மைக் ஹேமர், மெக்கைவர் போன்ற தொடர்களில் சிறு வேடங்களில் தோன்றினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்கார் மேடையில் நின்றவர், ஒரு பகுதியில் வந்து போகும் விருந்தினராகப் பணியாற்றுவதைத் தாழ்வாகக் கருதவில்லை. கலைஞர்க்கு அமையும் துணிவுகளுள் அரியது இதுவே. உச்சியில் நிற்பதைவிட உச்சியிலிருந்து இறங்கியபின் அதே வேலையைத் தொடர்வது கடினம்.

1993இல் லோயிஸ் அண்ட் கிளார்க் என்னும் தொடரின் முதல் பகுதியில் உலக நாடுகளின் பேரவைத் தலைவராகச் சில நிமிடங்கள் தோன்றினார். அதுவே அவர் கடைசி நடிப்பு. விடுதிப் பாடகியாகத் தொடங்கிய திரைவாழ்வு அவைத் தலைவராக முடிந்தது.

நூலாசிரியர்

1994இல் சுஷ்மிதா சென் மிஸ் யூனிவர்ஸ் ஆனார். ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். 1997இல் இருவர் படத்தின் வழியே ஐஸ்வர்யா தமிழ்த்திரையில்தான் முதலில் அறிமுகமானார். அழகி மகுடம் திரைக்கு அரசபாட்டையாகிவிட்ட காலம் வந்தது. கடையில் வாங்கிய ஆடையோடு மயாமி சென்றவர்களை நினைப்பார் இல்லை.

அவர்களை நினைத்தவர் பெர்சிஸ். 1997இல் அவர் பிரைட் ஆஃப் இந்தியா என்னும் பெருநூலைப் படங்களோடு வெளியிட்டார். மிஸ் இந்தியா மகுடம் சூடியவர்களைப் பற்றிய நூல் அது. அதனை அன்னை தெரசாவிற்குக் காணிக்கையாக்கினார்; ஆசிரியர் உரிமைத்தொகையின் ஒரு பகுதியை அன்னையின் அறநிலையத்திற்கு அளித்தார். அழகைப் பற்றிய நூல், அழகையே பொருட்படுத்தாது தொழுநோயாளரைத் தொட்டுத் தூக்கிய ஒருவர் காலடியில் வைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பிறர் எடுத்த படங்களில் நின்றவர், இறுதியில் பிறரைத் தம் நூலின் பக்கங்களில் நிறுத்தினார். பெயரற்ற முகமாகச் சோப்புறையில் தொடங்கியவர், பிற முகங்களுக்குப் பெயர் சேர்த்து வைத்துவிட்டுச் சென்றார்.

மறைவு

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1998 ஆகஸ்டில், மார்புவலியோடு மும்பை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகஸ்ட் 18ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். ஐம்பதாம் பிறந்தநாளுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. 2016இல் பிரியங்கா சோப்ரா ஆஸ்கார் மேடையில் விருது வழங்கியபோது நாடு மகிழ்ந்தது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிகளில் ஏறியவரை நினைவுகூர்ந்தோர் சிலரே.

பெர்சிஸ் மாபெரும் நடிகை என்று கூறினால் அது மிகை. அவர் ஏற்ற வேடங்கள் சில. அவற்றுள் நிலைத்தது ஒன்று. ஆயினும் அந்த ஒன்றுக்காக அவர் கொடுத்தது எது என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கவிஞர் தமக்கு எளிதாக வரும் அணியை, கேட்போர் கைதட்டும் அணியை, ஒரு பாட்டின் உண்மைக்காக விட்டுவிடுவதற்கு ஒப்பானது அது. அணி போனபின் எஞ்சுவது நின்றால் பாட்டு நிற்கும். நக்கீரர் எழுப்பிய வழக்கு கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்பது. கூந்தலே இல்லாதபோதும் ஒரு முகம் காண்பவர் நெஞ்சில் நிற்குமா என்பது பெர்சிஸ் எழுப்பிய வழக்கு. இலியாவின் முகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு விடை கூறிக்கொண்டிருக்கிறது.